அயல் வீட்டில் கிடைத்த பொக்கிஷம்

காஞ்சிபுரம் என்றதும் நம்மவர்களுக்குப் பட்டுப் புடவை ஞாபகம் வருகிறது; கோயில் கோபுரங்கள் ஞாபகம் வருகின்றன. சரித்திரத்தில் சிறிது பற்றுள்ளவர்களாயிருந்தால் பல்லவர்களும் மனக்கண் முன் தோன்றுவார்கள். ஆனால் அந்த நகரத்தில் பிறந்த ஓர் அறிஞர் எழுதிய நூல், பாரத பூமியில் ஓர் ஏடுகூட மிஞ்சாமல் மறைந்துபோய், சீன பாஷையில் மட்டும் 1,200 வருஷங்களுக்கு மேல் பத்திரமாயிருந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? அதே நூல் மறுபடியும் ஸம்ஸ்கிருத உருவம் பெற்று, 1942-ஆம் ஆண்டில், காஞ்சியிலிருந்து அதிக தூரமில்லாத சென்னை அடையாற்றிலிருந்தே வெளிவந்தது!

அந்த அறிஞரின் பெயர் தர்மபாலர். அவர் காஞ்சியில் பிறந்தவர் என்பதை நமக்குச் சொல்லுகிறவர் சீன யாத்திரிகரான யுவான் சுவாங்தான். ஒரு மந்திரியின் குமாரர். அரசகுமாரியுடன் விவாகம் நடக்க இருந்த சமயத்தில் அரண்மனையை விட்டு வெளியேறித் துறவு பூண்டார் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். பிறகு தர்மபாலர் நாலந்தாவின் பேராசானாக விளங்கினார். அவருடைய சீடர் சீலபத்திரர். சீலபத்திரரிடம் பாடம் கேட்டவர் யுவான் சுவாங். காஞ்சியிலிருந்து நாலந்தாவுக்கும், நாலந்தாவிலிருந்து சீனத்துக்கும் கல்வி சென்ற வழி இதுதான்.

திக்நாகர் என்னும் தர்க்க மேதை ‘ஆலம்பன பரீக்ஷை’ என்று ஒரு சிறு நூல் செய்தார். நாம் காணும் பொருள் வெளியே இருக்கிறதா, அல்லது நம் அறிவுக்குள்ளேயே தோன்றுகிறதா என்பது அதில் விசாரணை. அதற்குத் தர்மபாலர் செய்த உரையை இத்சிங் என்ற மற்றொரு யாத்திரிகர் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தில் பெயர்த்தார். மூலம் அழிந்தது, பெயர்ப்பு பிழைத்தது. ஸ்ரீ என். ஐயாஸ்வாமி சாஸ்திரியார் அந்தச் சீனப் பெயர்ப்பை வைத்துக்கொண்டு உரையை மீண்டும் ஸம்ஸ்கிருதத்தில் அமைத்தார். திக்நாகரின் மூலத்தையும் திபேத்திய, சீனப் பெயர்ப்புகளிலிருந்து மீட்டார். அடையாறு நூல் நிலையம் அதை அச்சிட்டது.

பெயர்ப்பிலிருந்து மூலத்தை மீட்பதாவது! பாலிலிருந்து தயிர் உண்டாக்கலாம். தயிரைத் திரும்பப் பாலாக்க முடியுமா என்று நேயர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. ஸம்ஸ்கிருதத்தில் ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று, வேற்றுமை எட்டு. சீனத்திலோ பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபும் இல்லை, பால் பாகுபாடும் இல்லை. ஒன்றா பலவா என்பதைக்கூடப் பெரும்பாலும் இடம் நோக்கித்தான் அறிய வேண்டும். நாம் “மரம் வெட்டினான்” என்று சொல்லும்போது ஒரு மரமா ஒன்பது மரமா என்று தெரிகிறதா? அங்கே ஏறக்குறைய எல்லாச் சொற்களுக்கும் அந்த நிலைதான்.

ஒரு சொல்லைப் பார்ப்போம். புத்தருக்குத் ‘ததாகதர்’ என்று ஒரு திருநாமம் உண்டு. ‘ததா, ஆகத’ என்று பிரித்தால் ‘அவ்வாறு வந்தவர்’. ‘ததா, கத’ என்று பிரித்தால் ‘அவ்வாறு சென்றவர்’. ஸம்ஸ்கிருதம் இரண்டு பொருளையும் ஒரே சிமிழில் அடைத்து வைத்திருக்கிறது. சீனருக்கு அந்த வசதி இல்லை; ஏதாவதொன்றைத் தீர்மானித்தாக வேண்டும். அவர்கள் ‘ரூலாய்’ என்று வைத்தார்கள். ‘ரூ’ என்றால் அவ்வாறு. ‘லாய்’ என்றால் வருதல். ‘நிர்வாண’த்தை மட்டும் பெயர்க்காமல் ‘நியேபான்’ என்று ஒலியாகவே எடுத்துக் கொண்டார்கள். எந்தச் சொல்லைப் பொருளாகவும் எதை ஒலியாகவும் கொண்டார்கள் என்பதை அறிந்தவனுக்குத்தான் பெயர்ப்புக்குள்ளே மூலத்தின் நிழல் புலப்படும்.

அப்படிப் புலப்படுவதற்குக் காரணம் சீனர்களின் ஒழுங்குமுறை. யுவான் சுவாங் 645-ஆம் ஆண்டில் 657 நூல்களுடன் தாய்நாடு திரும்பினார். 664-இல் உயிர் நீங்கும் வரையில் அவற்றுள் 75 நூல்களைப் பெயர்த்து முடித்தார். அறையைத் தாளிட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து செய்த வேலையன்று அது. சக்கரவர்த்தியின் ஆதரவில் ஒரு சபையே கூடியது. மூல ஏட்டைப் படித்துப் பொருள் சொல்பவர் ஒருவர்; எழுதிக் கொள்பவர் ஒருவர்; மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஒருவர்; சீன நடையைச் செப்பனிடுபவர் மற்றொருவர். ஒரு சொல்லுக்கு இதுதான் நேர் என்று தீர்ந்துவிட்டால் அதைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஸம்ஸ்கிருதம் கற்பதற்கென்று அகராதிகளும் இயற்றினார்கள். அவற்றுள் இத்சிங் பெயரால் வழங்குவதையும் இன்னொன்றையும் வங்க அறிஞர் பிரபோத சந்திர பாக்சி ஆராய்ந்து பதிப்பித்தார். நம் பாஷையைக் கற்க அவர்கள் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கு அவர்கள் பாஷையைக் கற்க நாம் பட்டிருக்கிறோமா?

இந்தக் கேள்வி ரவீந்திரநாத தாகூரின் உள்ளத்தை உறுத்தியது. 1921-இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ஸில்வேன் லேவியைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்துச் சீனமும் திபேத்திய மொழியும் கற்பிக்கச் செய்தார். 1924-இல் தாமே சீனத்துக்குச் சென்றார். எல்லோரும் மாலை சூட்டி வரவேற்றதாக நினைத்துவிட வேண்டாம். பழமையைப் பாராட்டிப் பேசுகிறார் என்று சீன இளைஞர் பலர் அவரை எதிர்த்தார்கள். ஆயினும் பீகிங்கில் அவருடைய பிறந்தநாளைக் கொண்டாடிய அறிஞர்கள், இந்தியாவையும் சீனாவையும் குறிக்கும் பழைய சொற்களை இணைத்து ‘சூ சென்-தான்’ என்று அவருக்கு ஒரு சீனப் பெயரே சூட்டினார்கள்.

1927-இல் மலாயாப் பிரயாணத்தின்போது தாகூர் டான் யுன்-ஷான் என்ற இளம் சீன ஆசிரியரைச் சந்தித்தார். கவியின் அழைப்பை ஏற்று மறு வருஷமே அவர் சாந்திநிகேதனம் வந்து சேர்ந்தார். விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களுக்குச் சீனம் கற்பித்தார். தாம் ஸம்ஸ்கிருதம் கற்றார். பிறகு தாய்நாடு சென்று பொருளும் புத்தகங்களும் திரட்டினார். 1937 ஏப்ரல் 14, வங்காளப் புத்தாண்டு தினத்தன்று, ‘சீன பவனம்’ திறக்கப்பட்டது. தலைமை வகிக்க இருந்த பண்டித ஜவாஹர்லால் நேரு உடல் நலமின்றி வர முடியாமற் போகவே, அவருடைய செய்தியைக் குமாரி இந்திரா வந்து வாசித்தார். காந்தியடிகளும் வாழ்த்து அனுப்பினார். அதற்கு மூன்று மாதம் கழித்து ஜப்பானியப் படை சீனத்தின் மீது பாய்ந்தது!

அந்தப் பவனத்தில் நடந்த வேலை ஆரவாரமில்லாதது. ஐயாஸ்வாமி சாஸ்திரியார் அங்கும் பணி புரிந்தார். பாவவிவேகரின் ‘கரதல ரத்னம்’ என்ற நூலை யுவான் சுவாங்கின் பெயர்ப்பிலிருந்து மீட்டு 1949-இல் வெளியிட்டார். குமாரஜீவர் 5-ஆம் நூற்றாண்டில் சீனத்தில் பெயர்த்திருந்த ஹரிவர்மரின் ‘சத்தியசித்தி சாஸ்திர’த்தையும் ஸம்ஸ்கிருதத்தில் அமைத்தார்.

இதற்கிடையில் 1962-இல் எல்லைப் போர் மூண்டது. சீன வம்சத்தினர் என்ற ஒரே காரணத்தால் இந்நாட்டில் வாழ்ந்த பல குடும்பங்கள் ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டன. நேற்றுவரை சகோதரர் என்றவர்கள் இன்று பெயரைச் சொல்லவும் கூசினார்கள். டான் யுன்-ஷான் சாந்திநிகேதனத்தை விட்டுப் போகவில்லை. தம் முதுமையைப் புத்த கயையில் ஒரு பௌத்தக் கல்விச் சாலை அமைக்கும் முயற்சியில் கழித்து, 1983-இல் அங்கேயே காலமானார். அவருடைய குமாரர் டான் சுங் டில்லியில் பல்லாண்டு சீனம் கற்பித்தார். 2010-இல் பாரத அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. ஹரிவர்மரின் நூல் பரோடாவிலிருந்து அச்சாகி வந்ததும் அந்தப் போருக்குப் பின்னர், 1975-இல்தான். துப்பாக்கி ஓய்ந்து போயிற்று. பண்டிதரின் பேனா ஓயவில்லை.

சீனத்தோடு நமக்குள்ள வழக்குகளைக் கல்வி தீர்த்து வைத்துவிடும் என்று யாரும் ஏமாற வேண்டாம். எல்லையைக் காக்க வேண்டியவர்கள் காக்கட்டும். ஆனால் அயலார் என்ன எழுதுகிறார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கிறார்கள் என்பதை மூன்றாமவர் வாய்மொழியாகவே கேட்டுக்கொண்டிருப்பது எந்த நாட்டுக்கும் அழகன்று. பகைவரென்று கருதினாலும் பாஷை தெரிய வேண்டும். நண்பரென்று கருதினாலும் தெரிய வேண்டும். நம்முடைய சொந்தச் செல்வமே அந்தப் பாஷைக்குள் இருக்கிறது என்றால், கேட்பானேன்?

சீன மொழியில் உள்ள பௌத்த நூல் தொகுதியை அந்நாளில் ஒரு நூல் நிலையத்தில் சேர்ப்பதற்குக் கப்பலும் பெரும் பொருளும் வேண்டியிருந்தன. இன்றோ அதைக் கணினியில் வீட்டிலிருந்தபடியே காசில்லாமல் படிக்கலாம். மூலம் அழிந்து சீனப் பெயர்ப்பில் மட்டும் வாழும் இந்திய நூல்கள் இன்னும் அநேகம் அதிலே இருக்கின்றன. ஏடு கிடைக்கவில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. படிக்கத் தெரிந்த கண்கள்தான் கிடைக்க வேண்டும். அடுத்த ஆண்டு கல்லூரியில் எதைப் படிப்பது என்று யோசிக்கும் பிள்ளையோ பெண்ணோ உங்கள் வீட்டில் இருந்தால், காஞ்சி தர்மபாலரின் கதையை ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.