காற்றுக்கும் கணக்கு உண்டு!

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



ஆண்டு மலர் என்றால் கவிதையும் கடி ஜோக்கும் மட்டும்தானா? டிப்ளமோ படிக்கிற நாம் நம்ம தொழிலைப் பற்றியும் நாலு வரி பேசவேண்டாமா? அதனால் இந்த மலரில் கொஞ்சம் பிரேக் போடுகிறேன். சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பஸ்ஸில் நீங்களும்தானே வருகிறீர்கள்!

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்து, "சரிவில் இது எப்படி நிக்குது?" என்று வாயைப் பிளக்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதே ஆள் திரும்பிப் போகும்போது, செங்கல்பட்டுப் பக்கம் ஜல்லி ஏற்றிக்கொண்டு வரும் டிப்பரைப் பார்த்து, "இது எப்படி நிக்கும்?" என்று கேட்பதில்லை. பாறைக்கு பிரேக் தேவையில்லை. டிப்பருக்குத் தேவை. நமக்குச் சோறு போடப்போவதும் அந்தக் கேள்விதான்.

விஷயத்துக்கு வருவோம். காரில் பிரேக் மிதித்தால் எண்ணெய் போகும், காலை எடுத்தால் அதே எண்ணெய் திரும்பி வந்துவிடும். லாரியில் அப்படி இல்லை. என்ஜினோடு ஓடும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி டேங்கில் சேர்க்கிறது. மிதித்ததும் அந்தக் காற்று சேம்பருக்குள் போய் டயபிரத்தைத் தள்ளுகிறது. புஷ் ராட் நகர்ந்து, ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்பி, எஸ்-கேம் வழியாக ஷூவை டிரம்மில் அழுத்துகிறது. காலை எடுத்தால் "புஸ்ஸ்..." என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் நம் காசு காற்றோடு போகிற சத்தம்! போன காற்று திரும்பாது. ஒவ்வொரு மிதிக்கும் புதுக் காற்று செலவு.

ஆகவே ஏர் பிரேக் என்பது வரவு செலவு கணக்கு. வரவு கம்ப்ரஸர். இருப்பு டேங்க். செலவு சேம்பர். கசிவு என்பது யாருக்கும் தெரியாமல் பையிலிருந்து விழுகிற சில்லறை. நாம் என்ன செய்கிறோம்? டேஷ்போர்டில் முள் 8 பார் காட்டினால், "ஏர் ஃபுல், வண்டி ஓகே" என்று முடித்துவிடுகிறோம். இருப்பைப் பார்க்கிறோம், செலவைப் பார்ப்பதில்லை. இதுதான் என் குறை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 30-ம் நம்பர் சேம்பர் என்றால் அதன் பயன்படு பரப்பு 30 சதுர அங்குலம், அதாவது சுமார் 193 சதுர செ.மீ. 6 பார் அழுத்தத்தில் அது ஏறக்குறைய 1,180 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். பின்னால் 4 சேம்பர், அவற்றுக்கு 40 லிட்டர் டேங்க் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். புஷ் ராட் 3 செ.மீ. நகர்ந்தால் ஒரு மிதிக்கு 4 சேம்பரும் சேர்ந்து 2.3 லிட்டர் இடத்தை நிரப்பவேண்டும். லைனிங் தேய்ந்து, ஸ்லாக் சரியில்லாமல் 5 செ.மீ. நகர்ந்தால்? 3.9 லிட்டர்!

ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை எண் 13-ல் ஒரு சோதனை இருக்கிறது. டேங்கில் புதுக் காற்று ஏறாமல் பிரேக்கை 8 முறை முழுக்க மிதிக்கவேண்டும். அதன் பிறகும், 9-வது மிதிக்கு, அவசர பிரேக்குக்கு வேண்டிய அளவாவது காற்று மிச்சம் இருக்கவேண்டும். நம் கணக்கு வண்டியை அதே மாதிரி மிதித்துப் பார்ப்போம். குழாய், வால்வுகளின் கொள்ளளவை விட்டுவிட்டால், 8 பாரில் ஆரம்பித்து 8 மிதி முடிந்ததும் 3 செ.மீ. வண்டியில் சுமார் 5.1 பார் இருக்கும். 5 செ.மீ. வண்டியில் 3.8 பார்தான். டேங்க் அதே, கம்ப்ரஸர் அதே, மீட்டர் முள் காட்டிய 8 பாரும் அதே. வித்தியாசம் வெறும் 2 செ.மீ.!

இது காற்றுச் செலவு மட்டும் அல்ல. அந்த வகை சேம்பரின் மொத்த ஓட்டமே சுமார் 6.4 செ.மீ.தான். 5 செ.மீ.யை சாதாரணமாகவே தொட்டுவிட்ட வண்டியில் டிரம் சூடேறினால் என்ன ஆகும்? இரும்பு விரியும். டிரம் ஷூவை விட்டு விலகிப் போகும். புஷ் ராட் இன்னும் தூரம் போகவேண்டும். கடைசியில் அது சேம்பரின் முடிவில் முட்டி நின்றுவிடும். டேங்கில் எவ்வளவு காற்று இருந்தாலும் சக்கரத்துக்கு விசை போகாது. "பிரேக் பிடிக்கலை சார்" என்று டிரைவர் சொல்வது பல நேரம் இதைத்தான்.

இங்கேதான் டிஸ்க் பிரேக் வருகிறது. 1996-ல் மெர்சிடிஸ் பென்ஸ் ஆக்ட்ரோஸ் லாரி எல்லாச் சக்கரத்திலும் ஏர் டிஸ்க் பிரேக்கோடு வந்தது. ஐரோப்பாவில் இன்று கனரக வண்டிக்கு அதுதான் வழக்கம். அதன் பெருமை என்ன? சிலர் "டிஸ்க்குக்கு காற்றே தேவைப்படாது" என்கிறார்கள். அது சரியல்ல. டிரம்முக்கு இருப்பது போல் தன்னைத்தானே இழுத்துப் பிடிக்கும் குணம் டிஸ்க்குக்குக் கிடையாது. பேடை இருபுறமும் நல்ல விசையோடு நெருக்கவேண்டும். கேலிப்பர் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அதற்கும் ஓட்டம் வேண்டும். ஆனாலும் கேலிப்பருக்குள் இருக்கும் லீவர் விசையைப் பல மடங்காக்குகிறது. நீண்ட கேம் ஷாஃப்ட், புஷ், ரோலர் என்று உராய்வில் வீணாவது குறைவு. அதனால் 22, 24 என்று சின்ன சேம்பரே பெரும்பாலும் போதும். 30-க்குப் பதில் 24 என்றால், ஒரே ஓட்டத்துக்கு காற்று ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்.

அதைவிடப் பெரியது இன்னொன்று. டிஸ்க் சூடானால் தடிக்கும், பேடை நோக்கி வரும். டிரம் போல விலகாது. இடைவெளியைச் சரிசெய்யும் அமைப்பும் உள்ளேயே இருக்கிறது. ஆக, காலையில் முதல் மிதிக்கு ஆன செலவும் மதியம் நூறாவது மிதிக்கு ஆகிற செலவும் ஏறக்குறைய ஒன்று. என் கருத்தில் திறன் என்பது இதுதான். ஒருநாள் குறைவாகச் செலவு செய்வது அல்ல, என்றும் ஒரே மாதிரி செலவு செய்வது.

"நம்ம பக்கம் மலைப்பாதையா இருக்கு? சமதரைதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். சமதரைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் பரனூர் டோல், சிக்னல், வேகத்தடை, ஸ்டாப்பிங் என்று எத்தனை மிதி! டவுன் பஸ் நின்று நின்று போகிறது. கதவுக்கும் காற்று, ஹார்னுக்கும் காற்று. கம்ப்ரஸருக்கு ஓய்வே இல்லை. ஓய்வில்லாத கம்ப்ரஸர் சூடாகும், எண்ணெய் கக்கும், டீசலும் கூடச் செலவாகும். போதாததற்கு நம்ம கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அழுத்தினால் அந்த ஈரம் டேங்கில் தண்ணீராக நிற்கும். டேங்கில் தண்ணீர் நின்றால் காற்றுக்கு அந்த அளவு இடம் குறைவு, துருவும் பிடிக்கும். தினமும் டிரெய்ன் செய்யாவிட்டால் இருப்பும் குறையும், டேங்கும் கெடும்.

அப்படியென்றால் எல்லா வண்டிக்கும் நாளைக்கே டிஸ்க் போட்டுவிடலாமா? இல்லை என்பதே என் தாழ்மையான கருத்து. வேகமாகப் போகும் பஸ்ஸுக்கும் டேங்கர் லாரிக்கும் முதலில் வரட்டும். கல்குவாரி டிப்பருக்கு விலையும் தூசியும் தடை. கேலிப்பர் பின்னின் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்தால் அதுவும் சிக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 2009-ல் விதியைக் கடுமையாக்கி, மணிக்கு 60 மைலில் வரும் பெரும்பாலான டிராக்டர் லாரிகள் 355 அடிக்குப் பதில் 250 அடிக்குள் நிற்கவேண்டும் என்றார்கள். அங்கே டிஸ்க்கும் அதை எட்டியது, பெரிதாக்கிய டிரம்மும் எட்டியது. ஆக, டிரம் குற்றவாளி அல்ல. அளந்து பார்க்காத கைதான் குற்றவாளி.

பயிற்சிக்குப் போன ஒரு பட்டறையில் கண்ணால் பார்த்தேன். ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர் போட்ட வண்டி வந்தது. அங்கிருந்த மூத்த மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து கையாலேயே ஏற்றினார். "அண்ணே, இது தானா அட்ஜஸ்ட் ஆகணுமே, ஏன் ஆகலைன்னு பாக்கவேணாமா?" என்றேன். "தம்பி, வண்டி வெளியே போகணும், நிக்குதா இல்லையா, அவ்ளோதான்" என்றார். நின்றது. அடுத்த வாரமே அதே வண்டி அதே கோளாறோடு வந்து நின்றது! தானாகச் சரியாகவேண்டிய ஒன்றைக் கையால் ஏற்றினால், கோளாறு சரியாவதில்லை, ஒளிந்துகொள்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் ஸ்கேல் கொடுத்து அளக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2015 முதல் கனரக வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் சக்கரம் வழுக்கும்போது அது காற்றை விட்டு விட்டுப் பிடிக்கிறது. ஒவ்வொரு பிடிக்கும் காற்று செலவு. கசிகிற, ஓட்டம் நீண்ட வண்டியில் ஏ.பி.எஸ். போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

இந்தத் தொழில் நமக்கு அந்நியமும் இல்லை. 1962-ல் சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் ஏர் பிரேக் கம்பெனி ஆரம்பமானது. அதன் பிரேக் பிரிவு வாப்கோ ஆகி, இன்று இசட்.எஃப். பெயரில் இருக்கிறது. செங்கல்பட்டு மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. ஒரகடத்தில் வண்டிகளைச் சோதிக்கும் மையமே இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இத்தனை இருக்க, நாம் ஏர் பிரேக்கை படம் வரைந்து பாகம் குறித்து 10 மார்க் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

மாணவர் பேரவைக்கும் துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான். நம் வொர்க்ஷாப்பில் பழைய டிரம் அச்சு ஒன்றும் டிஸ்க் கேலிப்பர் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே டேங்கிலிருந்து காற்று கொடுங்கள். ஒவ்வொரு மாணவனும் மூன்றே மூன்று அளவு எடுக்கட்டும். ஒன்று, புஷ் ராடில் சாக்பீஸ் கோடு போட்டு, 6 பாரில் எத்தனை செ.மீ. நகர்கிறது என்று. இரண்டு, கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு 8 மிதிக்குப் பிறகு முள் எங்கே நிற்கிறது என்று. மூன்று, பிரேக்கைப் பிடித்தபடி 1 நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று. அமெரிக்காவில் தனி லாரி ஓட்ட லைசென்ஸ் கேட்பவர் இதைச் செய்து காட்டவேண்டும். 3 பி.எஸ்.ஐ.க்கு மேல், அதாவது சுமார் 0.2 பாருக்கு மேல், இறங்கக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்பிரிங் பிரேக் சேம்பரை யார் சொன்னாலும் பிரிக்காதீர்கள். உள்ளே அடக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

நண்பர்களே! இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் டிப்போவிலோ பட்டறையிலோ சூப்பர்வைசராக நிற்போம். "வண்டி ரெடியா?" என்று கேட்பார்கள். நாம் தலையாட்டினால் அந்த வண்டி ரோட்டுக்குப் போகும். அதில் நம்ம தங்கச்சி பள்ளிக்கூடம் போகலாம், நம்ம அப்பா வேலைக்குப் போகலாம். தலையாட்டும் முன் குனிந்து ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டு ரூபாய் சாக்பீஸும் ஒரு ஸ்கேலும் போதும்!