எடுத்த பாட்டுக்கு நீங்களே மார்க் போடுங்க! - சுய மதிப்பீடு எழுதுவது எப்படி?

வீட்டில் விஸ்காம் படிக்கிற பிள்ளை இருந்தால், செமஸ்டர் கடைசியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அம்மாவின் பட்டுப்புடவை காஸ்டியூம் ஆகிவிடும். அப்பாவின் பைக் ஹீரோவுக்குப் போய்விடும். மொட்டை மாடியில் நள்ளிரவில் யாரோ ஒருவர் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். கேட்டால், 'ஆல்பம் சாங் ஷூட்' என்பார்கள்.

ஷூட் முடிந்து, எடிட் முடிந்து, 'ஃபைனல்_ஃபைனல்_2' என்று ஃபைலுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. அதன்பிறகுதான் சிக்கலே. வீடியோவுடன் சேர்த்து, 'உங்கள் படைப்பை நீங்களே மதிப்பிட்டு எழுதுங்கள்' என்று நான்கைந்து பக்கம் கேட்பார்கள். மூன்று வாரம் வெயிலில் நின்று படம் எடுத்தவர்கள், இந்த நான்கு பக்கத்துக்கு முன்னால் திருதிருவென்று விழிப்பார்கள்.

பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் எழுதுகிறார்கள். ஒன்று, 'முதல் நாள் லொகேஷன் பார்த்தோம், இரண்டாம் நாள் மழை வந்தது' என்று டைரி. இன்னொன்று, 'கேமரா கோணங்கள் மிகச் சிறப்பாக அமைந்தன' என்று பாராட்டுப் பத்திரம். இரண்டுமே மதிப்பீடு கிடையாது. செய்ய நினைத்தது என்ன, பார்த்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்ன... இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பதுதான் மதிப்பீடு.

நான்கு கேள்விகள்

இங்கிலாந்தில் ஓ.சி.ஆர் தேர்வு வாரியத்தின் ஏ-லெவல் மீடியா ஸ்டடீஸ் மாணவர்கள், மியூசிக் வீடியோ போன்ற படைப்புகளைத் தாங்களே எடுத்து, நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. பாடத்திட்டம் பிறகு மாறிவிட்டது. ஆனால், அந்தக் கேள்விகள் நம் ஊர் மாணவர்களுக்கும் கைகொடுக்கும்.

1. இந்த வகைப் படைப்புகளின் வழக்கங்களை எங்கே பின்பற்றினீர்கள், எங்கே வளர்த்தீர்கள், எங்கே மீறினீர்கள்?
2. வீடியோவும், அதனுடன் செய்த சி.டி அட்டை, போஸ்டர் போன்றவையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா?
3. பார்த்தவர்களின் கருத்துகளிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?
4. எந்தத் தொழில்நுட்பத்தை, எந்தக் கட்டத்தில், எப்படிப் பயன்படுத்தினீர்கள்?

நான்கில் எதுவுமே 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதல் கேள்விக்கு, 'வழக்கம்' என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் 1992-ல் மியூசிக் வீடியோ பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதிலிருந்து எடுத்த சில விஷயங்களை மீடியா வகுப்புகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாடல் வரியைக் காட்சி அப்படியே காட்டலாம், அதற்கு மேலும் அர்த்தம் சேர்க்கலாம், வரிக்குச் சம்பந்தமே இல்லாமலும் போகலாம். தாளத்துக்கு ஏற்ப கட் விழும். பாடகரின் முகம் குளோசப்பில் அடிக்கடி வரும்.

மீறுவதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2011 நவம்பரில் வந்த 'ஒய் திஸ் கொலவெறி டி' வீடியோவில் கதை இல்லை, வெளிநாட்டு லொகேஷன் இல்லை. ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பாடுவதைத்தான் காட்டினார்கள். சினிமா பாட்டின் வழக்கங்களை ஒதுக்கி வைத்ததே அதன் அடையாளம் ஆனது. நீங்களும் ஏதாவது ஒரு வழக்கத்தை மீறியிருந்தால், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் இல்லாவிட்டால், அது தெரியாமல் விட்டது போலத்தான் இருக்கும்.

நேரத்தைக் குறிப்பிடுங்கள்

ஒரு வீடியோவைக் கற்பனை செய்துகொள்வோம். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவனைப் பற்றிய பாட்டு. மூன்றரை நிமிடம்.

'எங்கள் வீடியோவில் தனிமை அழகாகக் காட்டப்பட்டுள்ளது' என்று எழுதினால், இது எந்த வீடியோவுக்கும் பொருந்தும். இப்படி எழுதிப் பாருங்கள்:

'1:12-ல் பஸ் போன பிறகும் கேமராவை நகர்த்தாமல், வெறும் ரோட்டை 6 விநாடி காட்டினோம். அந்த இடத்தில் பாட்டில் வார்த்தை இல்லை, புல்லாங்குழல் மட்டும்தான். அவன் தனியாகிவிட்டான் என்பதைச் சொல்ல நினைத்தோம். பார்த்த 10 பேரில் 4 பேர், வீடியோ ஸ்டக் ஆகிவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னார்கள். ரோட்டில் ஒரு நாய் நடந்து போயிருந்தாலோ, டீக்கடை லைட் அணைந்திருந்தாலோ காட்சி உயிரோடு இருப்பது தெரிந்திருக்கும்.'

எந்த விநாடி, என்ன செய்தோம், ஏன் செய்தோம், என்ன புரிந்தது, இப்போதானால் என்ன செய்வோம் - ஐந்தும் இதில் இருக்கின்றன. இப்படி ஆறு இடங்களை எடுத்து எழுதினால், நான்கு பக்கம் தானாக நிரம்பிவிடும்.

'டைம் இல்லை' என்பது காரணம் அல்ல

குறைகளைச் சொல்லும் இடத்தில்தான் பலரும் நழுவுவார்கள். 'நேரமின்மையால் லிப் சிங்க் சரியாக அமையவில்லை' என்பார்கள். உண்மையான காரணம் வேறாக இருக்கலாம்.

பல மொபைல் கேமராக்கள் விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று ஒரே சீராகப் பதிவு செய்வதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் எண்ணிக்கையும் குறையலாம். அந்த ஃபைலை எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டால், தொடக்கத்தில் பொருந்தும் உதடு போகப்போகப் பாட்டைவிட்டு விலகும். இரவு பஸ் ஸ்டாண்டில் எடுத்த வீடியோவுக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம். ஃபிரேம் ரேட்டை லாக் செய்யும் கேமரா ஆப் பயன்படுத்தலாம், அல்லது எடிட்டுக்கு முன் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்து எழுதிய மாணவர், அடுத்த ஷூட்டில் அந்தத் தவறைச் செய்ய மாட்டார். 'டைம் இல்லை' என்று எழுதியவர் மறுபடியும் செய்வார்.

நான்காவது கேள்விக்கும் இதே கதைதான். பயன்படுத்திய ஆப்களின் பட்டியல் யாருக்கும் வேண்டாம். 'பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாட வைத்தோம். 50 ஃபிரேமில் எடுத்து 25-ல் ஓட்டினோம். அதனால் மற்றதெல்லாம் ஸ்லோ மோஷனில் இருந்தாலும் உதடு பாட்டோடு பொருந்தியது' என்று எழுதினால், அதுதான் பதில்.

யாரிடம் கேட்டீர்கள்?

நண்பர்களிடம் 'எப்படி இருக்கு?' என்று கேட்டால், 'செம மச்சி!' என்றுதான் வரும். அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. பாட்டைப் பற்றி எதுவும் தெரியாதவரிடம் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். முடிந்ததும் மூன்றே கேள்வி. கதை என்ன? எந்தக் காட்சி நினைவில் இருக்கிறது? எங்கே போரடித்தது?

அடுத்து, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு இன்னொருவரிடம் காட்டுங்கள். பாட்டு தாங்கிப்பிடித்திருந்த காட்சி எது, தன் காலில் நிற்கும் காட்சி எது என்று தெரிந்துவிடும். யூடியூபில் ஏற்றியிருந்து போதிய வியூஸ் வந்திருந்தால், யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எந்த விநாடியில் வெளியேறினார்கள் என்ற வரைபடமும் கிடைக்கும். அது நண்பர்களைப் போல முகத்துக்காகப் பேசாது.

'நாங்கள்' யார்?

குரூப் புராஜெக்ட்டில் எல்லா வரியும் 'நாங்கள்' என்று தொடங்கும். அதில் சிலருடைய உழைப்பு காணாமல் போய்விடும். டைட்டிலில் டைரக்டர் பெயர் பெரிதாக வரும். இரவெல்லாம் உட்கார்ந்து கட் செய்தவரும், வெயிலில் ரிஃப்ளெக்டர் பிடித்தவரும் கடைசியில் சின்ன எழுத்தில் வேகமாக ஓடிவிடுவார்கள். மதிப்பீட்டிலாவது யார் எந்த முடிவை எடுத்தார்கள் என்று பிரித்து எழுதுங்கள். '2:05 கட் என் யோசனை அல்ல, எங்கள் எடிட்டருடையது. முதலில் நான் எதிர்த்தேன். பார்த்தவர்கள் அதைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள்' என்று எழுதுகிறவருக்கு மார்க் குறையாது. மதிப்புதான் கூடும். வேலைக்குப் போகும்போது அந்த எடிட்டருக்குக் காட்ட ஒரு ஆதாரமும் கிடைக்கும்.

'இதையெல்லாம் ஏ.ஐ எழுதித் தந்துவிடாதா?' என்று கேட்கலாம். தரும், நாலு பக்கம் வழவழவென்று தரும். ஆனால், அது உங்கள் ஷூட்டுக்கு வரவில்லை. வைவாவில், '1:12-ல் ஏன் கேமரா நகரவில்லை?' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

சப்மிட் செய்யும் முன்...

* ஒவ்வொரு பத்தியிலும் ஒரு நேரக்குறிப்பாவது இருக்கிறதா?
* 'அழகாக', 'சிறப்பாக' என்ற சொற்களை நீக்கினாலும் வரி நிற்கிறதா?
* ஒவ்வொரு குறைக்கும் காரணமும் மாற்று வழியும் எழுதியாயிற்றா?
* யார் எதைச் செய்தார் என்பது தெரிகிறதா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வீடியோவைக் காட்டினால், 'நல்லா இருக்குப்பா' என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குப் புரிந்த கதையை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். பிள்ளை நினைத்ததும் நீங்கள் சொன்னதும் வேறு வேறாக இருந்தால் இன்னும் நல்லது. அவர் எழுத வேண்டிய முதல் பத்தி அங்கேயே கிடைத்துவிடும்.