முதிராத முதுகு

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது குடும்பத்துடன் நான்கு நாட்கள் நுவரெலியாவில் தங்கியிருந்தோம். அம்மலை நகரிலே அக்காலத்தில் குதிரைப் பந்தயம் நடைபெறுவது வழக்கம். பந்தயத்தில் எமக்கு நாட்டமில்லை. ஆயினும், ஏரிக்கரையிலே சிறுவரை ஏற்றிச் செல்லும் குதிரைகளைக் கண்டதும் எம் இளைய மகள் அங்கேயே நின்றுவிட்டாள். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் இயலாது. எனவே விலை பேசினோம்.

இளைஞர் ஒருவர் சிவலைக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். நெடிய கால்களும் ஒடுங்கிய மார்பும் உடையதாய், வாலை இடையறாது வீசிக்கொண்டு, வாயிலிட்ட இரும்பை மென்றவண்ணம் நின்றது அது.

"தம்பி, இதற்கு என்ன வயது?" என்று வினவினோம்.

"ரெண்டு முடிஞ்சு மூணு நடக்குதுங்க, சார். ஒசரத்தப் பாருங்க, நல்லாத் தாங்கும்" என்றார் அவர்.

அதனை விடுத்து, அருகே கண்களை அரைவாசி மூடிக்கொண்டு நின்ற வயதான பெட்டைக் குதிரையைக் காட்டினோம். மகளுக்கு அது பிடிக்கவில்லை. "அந்தச் சிவப்புக் குதிரைதானே உயரம்? ஏனப்பா அதில ஏற விடேல்லை?" என்று விடுதி வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். "அது குட்டி, பிள்ளை" என்று மட்டும் சொன்னோம். அவ்விடை அவளுக்குப் போதவில்லை. உண்மையைக் கூறின், எமக்கும் போதவில்லை. ஆதலின் இவ்வாரம் இப்பகுதியை அவளுடைய வினாவுக்கே ஒதுக்குகின்றோம்.

குதிரையின் உயரம் ஏமாற்றும் இயல்பினது. இரண்டு வயதுக் குதிரை தான் அடையவேண்டிய உயரத்தை ஏறக்குறைய முற்றாக அடைந்துவிடுகின்றது. உள்ளே எலும்புகள் வேறு கணக்கில் வளர்கின்றன. நீண்ட எலும்பு ஒவ்வொன்றின் நுனியருகிலும் குருத்தெலும்பாலான தட்டு ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அத்தட்டிலேயாம். வளர்ச்சி நிறைவுறும்போது அதுவும் எலும்பாக இறுகி, நுனியும் தண்டும் ஒன்றாகிவிடும். அவ்வாறு ஒன்றாகும்வரை அவ்வெலும்பிலே மிக மெலிந்த இடம் அதுவே.

பொதுவாக, நிலத்துக்கு அண்மையிலுள்ள எலும்புகள் முந்தியும் மேலேயுள்ளவை பிந்தியும் இறுகும். குளம்புக்கு மேலுள்ள குறுகிய எலும்புகள் ஓராண்டளவில் முடிந்துவிடுகின்றன. முன்னங்காலில் முழங்காலுக்கு மேலுள்ள எலும்பின் கீழ்நுனி இரண்டு அல்லது இரண்டரை வயதளவில் மூடும். பின்னங்காலின் மேற்பகுதிக்கு ஏறக்குறைய மூன்று வயது வேண்டும். முள்ளந்தண்டு எல்லாவற்றுக்கும் கடைசி. அதன் தட்டுகள் முற்றாக மூடுவதற்கு ஐந்து, ஆறு வயதாகலாம். (குதிரையின் முன்னங்காலிலே முழங்கால் என்று வழங்குவது நமது மணிக்கட்டுக்கு ஒப்பான மூட்டாகும். உயிரியல் பயிலும் மாணவர் எலும்புக்கூட்டுப் படத்தை எடுத்து எண்ணிப் பார்ப்பாராக.)

பந்தயக் குதிரைகளைப் பழக்குவோர் பலர் அம்முழங்காலை எக்ஸ்கதிர்ப் படம் பிடித்து, தட்டு மூடியிருக்கக் கண்டால் குதிரை ஆயத்தமாகிவிட்டது என்று கருதுவர். ஆயின், சேணம் வைப்பது முதுகிலேயல்லவா?

வாயையும் மறத்தலாகாது. இரண்டரை வயது தொடங்கி ஐந்து வயதுவரை குதிரைக்குப் பல் விழுந்து முளைக்கும் காலம். முன்பற்கள் பன்னிரண்டும் கடைவாய்ப் பக்கத்திலே பன்னிரண்டுமாக இருபத்து நான்கு பாற்பற்கள் அவ்விடைக்காலத்திலே கழன்று, புதியன எழுகின்றன. முரசு புண்பட்டிருக்கும் அந்த நாட்களிலே வாயினுள் இரும்பை இட்டு இழுத்தால், விலங்கு தலையை உதறாமல் வேறென் செய்யும்? அதனை முரட்டுத்தனம் என்று எண்ணி இன்னும் இறுக்கிப் பிடிப்பவர் உண்டு. குதிரையின் நினைவாற்றல் பெரிது. முதன்முதலில் சேணமும் கடிவாளமும் நோவோடு வந்தனவாயின், அந்நோவை அது நெடுங்காலம் மறவாது. பின்னாளில் ஏறுபவரைத் தள்ளிவிடும் குதிரைகள் யாவும் பிறவியிலேயே தீயன என்று நாம் நம்பவில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் இரண்டு வயதிலேயே ஏறுவது எவ்வாறு வழக்கமாயிற்று? இதற்கு விடை இங்கிலாந்தின் பந்தய வரலாற்றிலே கிடைக்கின்றது. முற்காலத்தில் அங்கே அரசர் பரிசுக்காக ஓடிய குதிரைகள் ஆறு வயதானவை. 12 ஸ்டோன், அதாவது ஏறத்தாழ 76 கிலோகிராம் சுமந்து, நான்கு மைல் தூரத்தை ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஓடவேண்டும். முதிர்ந்த குதிரைக்கே அது இயலும். 1764இல் சூரிய கிரகணத்தன்று பிறந்தமையால் எக்லிப்ஸ் எனப் பெயர்பெற்ற புகழ்மிக்க குதிரை முதன்முதல் பந்தயத்துக்கு வந்தது 1769இல், தன் ஐந்தாவது வயதிலே. அடுத்த ஆண்டு முடிவதற்குள் பதினெட்டுப் பந்தயங்களில் ஓடி, ஒன்றிலேனும் தோல்வி காணாது ஓய்வுபெற்றது.

ஆயின், ஐந்தாறு ஆண்டுகள் தீனி போட்டுக் காத்திருப்பது செல்வருக்கும் சுமையாகவே இருந்தது. தூரம் குறைந்தது, சுமை குறைந்தது, வயதும் குறைந்தது. மூன்று வயதுக் குதிரைகளுக்கான செயின்ற் லெஜர் பந்தயம் 1776இலும், எப்சம் டார்பி 1780இலும் தொடங்கின. 1786இல் நியூமார்க்கெட்டில் இரண்டு வயதுக் குட்டிகளுக்கென்றே யூலைப் பந்தயம் வந்தது. எக்லிப்ஸ் அப்போது உயிரோடிருந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் தான் ஓடத் தொடங்கிய வயதிலே, அடுத்த தலைமுறைக் குட்டிகளிற் பல ஓடிக் களைத்து விட்டிருக்கும்.

இதிலே இன்னுமொரு வேடிக்கை. வட அரைக்கோளத்திலே உயரினப் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் பிறந்தநாள் ஜனவரி முதலாந் திகதி. அவுஸ்திரேலியாவில் ஓகஸ்ட் முதலாந் திகதி. பதிவு செய்வோரின் வசதிக்காக ஏற்பட்ட விதி இது. ஏப்ரில் இறுதியிலே பிறந்த குட்டி, இருபது மாதங்களே நிரம்பிய நிலையில், ஏட்டின்படி இரண்டு வயதாகிவிடுகின்றது! அதற்கு முந்திய இலையுதிர்காலத்திலேயே, ஏறத்தாழ ஒன்றரை வயதில், சேணத்துக்குப் பழக்கப்பட்டும் விடுகின்றது. ஒலிம்பிக் குதிரைப் போட்டிகளின் விதி முற்றிலும் வேறு. அங்கே எட்டு வயதுக்குக் குறைந்த குதிரைக்கு இடமில்லை. தடை தாண்டும் போட்டிக்கோ ஒன்பது வயது வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது. இளங்குதிரையை இலாயத்திலே கட்டிவைத்து ஆறு வயதுவரை காத்திருப்பதும் கேடு என்பதை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். எலும்பு தன்மேல் வரும் அழுத்தத்துக்கேற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்வது. புல்வெளியில் ஓடித் திரியும் குட்டியின் எலும்பு, அறையில் அடைபட்ட குட்டியின் எலும்பினும் உறுதியானது. பந்தயப் பயிற்சியிலே இளங்குதிரைகளுக்கு முன்னங்காலின் கணையெலும்பு வீங்கி நோவெடுப்பது மிகச் சாதாரணம். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே இந்நோயை ஆராய்ந்தவர்கள், நெடுந்தூரம் மெதுவாக ஓட்டுவதை விடுத்து, மிகக் குறுகிய விரைவோட்டங்களை இடையிடையே கொடுத்தால் அவ்வெலும்பு பந்தய வேகத்துக்கு நன்கு ஈடுகொடுக்கும் என்று கண்டனர்.

இரண்டு வயதில் ஓடத் தொடங்கிய குதிரைகளே நெடுங்காலம் பந்தயத்தில் நிலைப்பதாகக் கணக்குக் காட்டுவோரும் உளர். அக்கணக்கை நாம் ஐயத்துடனேயே நோக்குகின்றோம். கால் நொந்தவை இரண்டு வயதில் ஓட வந்திருக்கமாட்டா. வந்தவை இயல்பிலேயே திடமானவை. சித்தியடைந்தவரை மாத்திரம் எண்ணிப் பரீட்சை எளிதென்று கூறுவதற்கு இது ஒப்பாகும். மேலும், ஓடுவது வேறு, சுமப்பது வேறு. குட்டி தானாக ஓடும்போது களைத்தால் நிற்கும். முதுகில் ஆளிருந்தால் நிற்பதும் ஓடுவதும் அதன் விருப்பத்தில் இல்லை. கயிற்றிற் கட்டிச் சிறு வட்டத்திலே சுற்றிச் சுற்றி ஓடவிடுவதும் மூட்டுகளுக்கு நல்லதன்று. 'நாம் ஏறவில்லையே' என்று கூறி அதையே மணிக்கணக்காகச் செய்விப்பவரும் உளர்.

அவசரமின்றிப் பழக்கும் முறையைக் காண விரும்புவோர் ஒஸ்திரியாவை நோக்கலாம். வியன்னா நகரத்துப் புகழ்பெற்ற ஸ்பானியக் குதிரைப் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் குதிரைகள், பீபர் என்னும் ஊரிலே பிறக்கின்றன. பிறக்கும்போது அவை கருமை நிறத்தவை. ஆண் குட்டிகள் கோடைதோறும் மலைச் சரிவுகளிலே மேய்ந்து, கல்லிலும் மேட்டிலும் ஏறியிறங்கி வளர்ந்து, ஏறக்குறைய நான்கு வயதிலேதான் பள்ளிக்கு வருகின்றன. தொடக்கத்திலே நேராக நடப்பதும் ஓடுவதுமே பாடம். உயர்ந்த வித்தைகளைக் கற்று முடிய ஆறு ஆண்டுகள் வரை செல்லும். அதற்கிடையே மேனியும் மெல்ல மெல்ல வெண்மையாகின்றது. இருபது வயது கடந்த பின்னும் அரங்கிலே ஆடும் குதிரைகள் அங்குண்டு. புதிய பாகர்களுக்கு முதற் பாடம் கற்பிப்பவையும் அம்முதிய குதிரைகளே. எம்மைப் போன்ற ஆசிரியருக்கு இது சிறிது பொறாமையைத் தரும் செய்தி.

இற்றைக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டுச் செனபோன் என்பார் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலிலும் இப்பொறுமை காணப்படுகின்றது. மகனை ஒரு தொழில் பயில அனுப்புவது போலவே குட்டியையும் பயிற்றுநரிடம் ஒப்படைத்து, அது எவ்வெவற்றைக் கற்றுத் திரும்பவேண்டும் என்பதை முன்னரே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கின்றார். அனுப்புமுன் அதனை மனிதரிடம் அன்பு கொள்ளச் செய்வதும், சந்தடிக்கும் கூட்டத்துக்கும் அஞ்சாமற் பழக்குவதும் வீட்டாரின் கடமை என்பது அவர் கருத்து.

விடுமுறையில் பிள்ளைகளைக் குதிரையேற்றும் பெற்றோர் வயதைக் கேட்டறிதல் நன்று. சொல்லும் வயதில் ஐயமிருப்பின், பாகரைக் கொண்டு உதட்டை விலக்கச் செய்து முன்பற்களைப் பார்க்கலாம். பாற்பற்கள் சிறியனவாயும் வெண்மையாயும் இருக்கும், நிலையான பற்கள் பெரியனவாயும் மஞ்சள் படர்ந்தும் இருக்கும். ஓரத்துப் பல்லும் மாறியிருந்தால் நாலரை வயது கடந்ததாகும். முழுவளர்ச்சி பெற்ற குதிரைக்கும் சுமை தன் எடையில் ஐந்திலொரு பங்கை விஞ்சலாகாது என்பது பலர் கைக்கொள்ளும் அளவு. 250 கிலோகிராம் எடையுள்ள சிறிய குதிரைக்கு அது சேணத்தோடு சேர்த்து 50 கிலோகிராம்.

நாம் ஊர் திரும்பிய அன்று காலை, பஸ் நிலையத்துக்குச் செல்லும் வழியில் அச்சிவலைக் குதிரையை மறுபடியும் கண்டோம். எம்மினும் பருத்த ஒரு கனவான் அதன்மேல் வீற்றிருந்தார். அவருடைய மனைவியார் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இளைஞர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓடினார். எம்மைக் கண்டு சிரித்தார்.

"அப்பா, அது குட்டியெண்டு அந்த மாமாவுக்குச் சொல்லுங்கோவன்" என்றாள் மகள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூறி அவளுடைய கையைப் பிடித்து நடந்தோம். பஸ் புறப்பட இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.