உரலும் உப்பும் ஒரு பிடி அரிசியும்

டேவிட் சாரியாண்டியின் ‘சூக்குயான்’ நாவல் 2007இல் வந்தது. கதை நடப்பது நம் ஸ்காபரோவில். ட்ரினிடாட்டிலிருந்து வீட்டுவேலைக்கு வந்த அடெல், முதுமையில் நினைவிழந்துகொண்டிருக்கிறாள். விட்டுப் போன மகன் திரும்பி வருகிறான். 1955இல் தொடங்கிய திட்டமொன்றின்கீழ் திருமணமாகாத கரீபியப் பெண்கள் பலர், ஓராண்டு வீட்டுவேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு கனடா வந்தார்கள். அந்தத் தலைமுறையின் கதை இது.

சூக்குயான், கரீபிய நாட்டார் கதைகளில் வரும் கிழவி. இரவில் தன் தோலைக் கழற்றி உரலுக்குள் வைத்துவிட்டு, நெருப்புப் பந்தாகப் பறந்து, உறங்குவோரின் இரத்தத்தை உறிஞ்சுவாள். அந்தத் தோலில் உப்பைத் தூவினால் அவளால் மறுபடி அதற்குள் புக முடியாது. வாசலில் அரிசியைக் கொட்டிவைத்தால் மணிமணியாகப் பொறுக்கியே தீர வேண்டும், அதற்குள் விடிந்துவிடும்.

உரல், உப்பு, அரிசி மூன்றும் நம் குசினிச் சாமான்கள். இந்த நாவலைத் தமிழில் மொழிபெயர்க்கும் நண்பர்கள் தடுமாறுவது இங்கேதான். உப்பு என்றதும் நமக்குச் செய்ந்நன்றி வந்து நிற்கும். அரிசி என்றதும் அறுகரிசியும் வாய்க்கரிசியும் வரும். இவற்றைக் கதைக்குள் விட்டால் அடெல் காணாமற்போவாள். நமக்குள்ளேயே தேடினால், நாவூறு கழிக்க அம்மா உப்பையும் செத்தல் மிளகாயையும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாளே, அந்த உப்புத்தான் ட்ரினிடாட் உப்புக்குக் கிட்ட நிற்கிறது.

அதையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். அடெல் சொல்லும் பேய்க்கதைக்கு அடியில், போர்க்கால அமெரிக்கப் படைத்தளத்தின் அருகே அவளுடைய தாய்க்கு நேர்ந்த தீக்காயம் இருக்கிறது. உரிந்த தோல் அங்கே உண்மையிலேயே தோல். ‘வெந்த புண்ணில் வேல்’ என்று எழுதக் கை வரும். எழுதாதீர்கள். உப்பை உப்பாகவே விடுங்கள். எரிச்சல் தானே வரும்.

இதே எழுத்தாளரின் ‘பிரதர்’ (2017), அண்ணன் தம்பியைக் கூட்டிப்போய்க் காட்டும் ஒரு கம்பத்தில் தொடங்குகிறது. ஏறும்போது கால்வைக்க வேண்டிய ஒவ்வோர் இடத்தையும் நினைவில் வைக்கச் சொல்லித் தருபவன் அந்த அண்ணன். பிறகு பொலிஸாரின் துப்பாக்கிக்கு அவன் பலியாகிறான். அந்தக் கம்பத்தை ‘மின்கம்பம்’ என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் நயாகரா நீரிலிருந்து மின்சாரம் எடுத்த ஒன்ராறியோவில் மின்சாரத்துக்கே ஹைட்ரோ என்றுதான் பெயர். நாமும் மாதாமாதம் ‘ஹைட்ரோ பில்’ கட்டுகிறோம். இந்த இதழுக்கு அந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாக வந்தால், ‘ஹைட்ரோ கம்பம்’ என்றே அச்சேற்றுவேன்.