விடுதிப் பிள்ளைக்கு இரவில் யார் துணை?

மதுரையில் இருந்து தேனிக்குப் போகும் ரோட்டில், உசிலம்பட்டியைத் தாண்டினால் கணவாய் வரும். கணவாய் இறங்கினால் ஆண்டிபட்டி.

ஒரு பக்கம் சக்கம்பட்டித் தறிகள். இன்னொரு பக்கம் வைகை அணை. தெற்கே கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று மலை அடிவாரத்து ஊர்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, இந்த ஊர்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்.

"பிள்ளையை விடுதியில் சேர்ப்பதா, வேண்டாமா?"

அப்பா கேரளத்து ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார். அம்மாவும் கூடப் போகிறாள். சிலர் திருப்பூருக்கே குடிபோய் விடுகிறார்கள். வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறாள். மலை ஊருக்கு பஸ் நினைத்த நேரத்தில் வராது. பிள்ளை படிக்க வேண்டும் என்றால் விடுதிதான் வழி.

சேர்க்கலாம். தவறே இல்லை. விடுதியில் தங்கிப் படித்து ஆளானவர்கள் தமிழ்நாட்டில் லட்சக் கணக்கில் உண்டு.

ஆனால் சேர்க்கும் முன்பு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்பதில்லை. சர்க்காரும் சரியாகக் கேட்டதில்லை.

இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது யார்?

சோறு உண்டு, பாய் உண்டு

முதலில் நல்லதைச் சொல்வோம்.

சர்க்கார் விடுதியில் தங்கவும் சாப்பிடவும் காசு இல்லை. வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் 8 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் பையனைச் சேர்க்கலாம். பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தூரக் கணக்கு கிடையாது. சீருடை கிடைக்கும்.

பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை விடுதிகளில் ஒரே சாதிப் பிள்ளைகளை மட்டும் சேர்ப்பதில்லை. எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் இத்தனை இடம் என்று கணக்கு உண்டு.

பள்ளி மாணவர் ஒருவரின் உணவுச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2023-ம் ஆண்டில் அதை 1,400 ரூபாயாக உயர்த்தினார்கள். ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட ஆகவில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இது கட்டுமா என்று வீட்டில் உலை வைக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். ஆனாலும் உயர்த்தியது நல்ல காரியம்.

சோற்றுக்குக் கணக்கு இருக்கிறது. பாய்க்கும் பெட்டிக்கும் கணக்கு இருக்கிறது. பிள்ளையிடம், "ஏன் ராசா முகம் வாடி இருக்கிறது?" என்று கேட்பவருக்குத்தான் கணக்கு இல்லை.

ஊர் கொடுத்த நிலம்

ஆண்டிபட்டி வட்டாரத்தில் விடுதி என்றால், கள்ளர் சீரமைப்புத் துறையின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒரு சட்டம் இருந்தது. பிரமலைக் கள்ளர் சமூகத்தையே அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள். குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற வித்தியாசம் இல்லை. கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். மக்கள் மறுத்தார்கள்.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி, கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள பெருங்காமநல்லூரில் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். ஒரு பெண் உள்பட 16 பேர் மாண்டார்கள்.

அதே காலத்தில்தான் "சீரமைப்பு" என்ற பெயரில் பள்ளிக்கூடங்கள் வந்தன. பிறகு விடுதிகள் வந்தன. ஒரு கையில் தடி. மறு கையில் சிலேட்டு!

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ம் ஆண்டு ஒழிந்தது. பள்ளிக்கூடங்கள் நிலைத்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் முந்நூறுக்கு நெருக்கமான கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றோடு விடுதிகளும் நடக்கின்றன.

தடியோடு வந்த பள்ளிக்கூடத்தை மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள். உழைப்பைக் கொடுத்தார்கள். "இது எங்கள் பள்ளிக்கூடம்" என்றார்கள். ஊரின் கை பட்டதும் பள்ளி ஊருடையது ஆனது.

கனடா நாட்டில் வேறு விதமாக நடந்தது. அங்கேயும் பழங்குடிப் பிள்ளைகளைத் "திருத்துவோம்" என்று விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக, சுமார் ஒன்றரை லட்சம் பிள்ளைகள்! தாய்மொழி பேசினால் தண்டனை. பெற்றோருக்கு உள்ளே வேலை இல்லை. ஆயிரக் கணக்கான பிள்ளைகள் நோயிலும் கவனிப்பு இல்லாமலும் இறந்தார்கள். 2008-ம் ஆண்டு அந்த நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் விடுதி, பிள்ளையைக் காப்பாற்றாது. கனடா கற்றுத் தந்த பாடம் இது.

பலகைச் சண்டை

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

2023-ம் ஆண்டு மார்ச் மாதம், தமிழக பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. பல துறைகளிடம் உள்ள பள்ளிகள் எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும் என்றார்கள். கள்ளர் பள்ளிகளை மாற்றக் கூடாது என்று இந்தப் பக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியது.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் ஒரு கொடுமை நடந்தது. 12-ம் வகுப்புப் படித்த தலித் மாணவரை, அவருடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. நாடே திடுக்கிட்டது.

பள்ளிகளில் சாதிச் சண்டையை ஒழிக்க வழி சொல்லுமாறு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை சர்க்கார் கேட்டது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றார். மறுபடியும் வாதம், எதிர்வாதம்.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் இன்னோர் அறிவிப்பு. சர்க்கார் மாணவர் விடுதிகள் "சமூகநீதி விடுதிகள்" என்று அழைக்கப்படும் என்றார்கள்.

பெயர் சின்ன விஷயம் அல்ல. ஒரு சமூகம் ரத்தம் சிந்தியதன் நினைவு ஒரு பெயரில் இருக்கலாம். இன்னொரு பிள்ளைக்கு அதே பெயர் முதுகில் ஒட்டிய முத்திரையாக இருக்கலாம். இரு தரப்பும் பேசட்டும். பேசி முடிவு செய்யட்டும்.

ஆனால் பலகையைப் பற்றி இவ்வளவு பேசினோமே, பலகைக்கு உள்ளே தூங்கும் பிள்ளையைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

ஒருவருக்கு அறுபத்தைந்து!

அந்த 2025 அறிவிப்பிலேயே ஒரு கணக்கு இருந்தது. மொத்தம் 2,739 விடுதிகள். அவற்றில் தங்குபவர்கள் 1,79,568 மாணவ-மாணவிகள்.

வகுத்துப் பாருங்கள். ஒரு விடுதிக்குச் சராசரியாக 65 பேர்.

விடுதிக்கு ஒரு வார்டன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒருவருக்கு 65 பிள்ளைகள்! அவர் மளிகை வாங்க வேண்டும். வருகைப் பதிவு எழுத வேண்டும். கணக்கு முடிக்க வேண்டும். அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டும். மிச்ச நேரத்தில் 65 பேருக்கும் தாயாக இருக்க வேண்டும். முடிகிற காரியமா?

வார்டன் நல்லவராக இருந்தாலும் முடியாது.

நீதிபதி சந்துரு ஒரு நல்ல யோசனை சொன்னார். 500 மாணவர்களுக்கு மேல் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு மாணவர் நல அலுவலர் வேண்டும் என்றார். ராகிங், சண்டை, சாதிக் கொடுமை, போதை எல்லாவற்றையும் கவனிக்கத் தனி ஆள்.

ஆனால் 65 பிள்ளைகள் உள்ள விடுதிக்கு 500 என்ற கணக்கு எப்போது எட்டும்? பள்ளிக்கூடத்தில் பிள்ளை பகலில் இருக்கிறது. பயமும் அழுகையும் இரவில் அல்லவா வருகின்றன!

இரவில் என்ன நடக்கிறது?

ஆறாம் வகுப்புப் பையன். வயது பதினொன்று. முதல் முறையாக அம்மாவைப் பிரிந்து இருக்கிறான். முதல் மாதம் சோறு இறங்காது. சில பிள்ளைகள் தூக்கத்தில் பாயை நனைத்து விடுவார்கள். மறுநாள் மற்றவர்கள் கேலி செய்வார்கள். கேலி பொறுக்காமல் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி விடுவான். படிப்பு அதோடு போயிற்று.

பெண் பிள்ளைக்கு வேறு கவலைகள். வயதுக்கு வருகிற பருவம். வலியை யாரிடம் சொல்வது? அக்காவைப் போல ஒருத்தி பக்கத்தில் வேண்டும்.

பெரிய பையன் சின்னப் பையனைத் துணி துவைக்கச் சொல்கிறான். மறுத்தால் அடி. சொன்னால் இன்னும் அடி. வாய் மூடிக்கொள்கிறான் சின்னவன்.

சின்ன வேதனையை யாரும் கேட்காவிட்டால் அது பெரிய வேதனை ஆகிறது. பெரிய வேதனையை ஊரே கேட்கும்போது காலம் கடந்து விடுகிறது.

2022-ம் ஆண்டு ஜூலை மாதம், கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த 12-ம் வகுப்பு மாணவி இறந்தாள். நான்கு நாளில் கலவரம். பஸ்கள் எரிந்தன. குற்றம் யாருடையது என்று சொல்வது கோர்ட்டின் வேலை. நாம் நினைக்க வேண்டியது வேறு. பிள்ளையை விடுதியில் விட்ட ஒவ்வொரு தாயும் அந்த வாரம் தூங்கவில்லை.

பந்தியில் தொடங்கும் பாடம்

விடுதி ஒரு சின்ன ஊர். ஊரில் இருக்கும் நோயெல்லாம் அங்கேயும் வரும்.

நூறு ஆண்டுக்கு முன்பு, திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேச பக்தர். நல்ல நோக்கம். ஆனால் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். தமிழ்நாடே கொந்தளித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காந்தி வரைக்கும் விவகாரம் போயிற்று.

இரண்டே இரண்டு இலைகள்! அவை ஒரு நாட்டின் அரசியலைப் புரட்டின.

இன்று சட்டப்படி தனிப்பந்தி இல்லை. ஆனால் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் பாயை யார் பக்கத்தில் விரிக்கிறார்கள் என்று கவனிக்க ஒரு பெரியவர் வேண்டும். பகலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இரவில் சாதி வாரியாகப் பிரிந்து படுத்தால், சமூகநீதி பலகையோடு நின்றுவிடும்.

என்ன செய்யலாம்?

மூன்று காரியங்கள் உடனே செய்யலாம்.

ஒன்று: பிள்ளைகள் தூங்கும் எந்த விடுதியிலும், இரவில் பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் தங்க வேண்டும். பெண்கள் விடுதியில் பெண். இதற்கு விலக்கே கூடாது.

இரண்டு: பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளர் ஆக்க வேண்டும். வாரம் ஒரு முறை அவர் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். மார்க்கு விசாரிக்க மட்டும் வரக் கூடாது. "வீட்டில் இருந்து போன் வந்ததா? தங்கச்சி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்க வேண்டும். அக்கம்பக்கத்து விடுதிகள் நான்கைந்துக்குச் சேர்த்து ஒரு நல அலுவலரையும் போட வேண்டும்.

மூன்று: பெற்றோர் குழு. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளுக்கு மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப்பேர் பெண்கள். இதே மாதிரி குழு ஒவ்வொரு விடுதிக்கும் வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து, பிள்ளைகளோடு அதே பந்தியில் சாப்பிடட்டும். சோறு எப்படி என்று அறிக்கை எழுத வேண்டியதில்லை. நாக்கே சொல்லும்!

அன்று நிலம் கொடுத்த ஊருக்கு, இன்று உள்ளே வர வழி கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

அதுவரைக்கும் பெற்றோர் சும்மா இருக்க வேண்டாம். விடுதியில் சேர்க்கும் அன்றே இவற்றைக் கேளுங்கள்:

இரவில் இங்கே தங்குவது யார்? அவர் பெயர் என்ன? போன் நம்பர் என்ன?

காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் அழைத்துப் போவார்கள்?

பிள்ளை எங்களோடு போனில் பேச எந்த நாள், எந்த நேரம்?

தனியார் விடுதி என்றால் உரிமம் எங்கே? 2014-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிக்கு உரிமம் வேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

பிள்ளைக்கும் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுங்கள். அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடியைத் தடை செய்திருக்கிறது. ஆபத்து என்றால் 1098 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம், காசு இல்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாயாக இருந்தாலும் கூச்சப்பட வேண்டாம். நீங்கள் கேட்டால்தான் அடுத்த தாயும் கேட்பாள். பத்துத் தாய்மார் கேட்டால் வார்டன் மேலே எழுதுவார். நூறு தாய்மார் கேட்டால் சர்க்கார் ஆள் போடும்.

ஏலத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தாய், தன் பிள்ளை தன்னைப் போலக் கஷ்டப்படக் கூடாது என்றுதான் விடுதியில் விடுகிறாள். அவள் ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டும். அதற்கு, அவள் பிள்ளை தூங்கும் இடத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்!