ஃப்ரீசரிலும் வயதாகும் சீரம்!

குச்சி ஐஸ் சாப்பிடும் குழந்தைகளைக் கவனித்திருப்பீர்கள். நிறத்தையும் இனிப்பையும் முதலில் உறிஞ்சிவிடுவார்கள். கடைசியில் கையில் மிஞ்சுவது வெறும் வெள்ளைப் பனிக்கட்டி. தண்ணீர் உறையும்போது, தன்னில் கரைந்திருப்பதை ஒதுக்கிவிட்டுத் தனியாக உறைவதுதான் இதற்குக் காரணம். ஆய்வகத்து ஃப்ரீசரில் வைக்கப்படும் ரத்த சீரத்துக்கும் இதே கதைதான்.

ரத்தம் கட்டியான பிறகு, அதை மெஷினில் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிற திரவமே சீரம். நோயைக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள், ஹார்மோன்கள், என்ஸைம்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

நார்வே நாட்டில் 'ஜானுஸ் சீரம் வங்கி' இருக்கிறது. 1970-களின் தொடக்கத்திலிருந்து 2004 வரை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த சீரம் அங்கே மைனஸ் 25 டிகிரியில் பாதுகாக்கப்படுகிறது. கொடுத்தவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தது. நோய் தெரிவதற்கு முன்பே அவர்கள் ரத்தத்தில் ஏதாவது அறிகுறி இருந்ததா? அந்தப் பழைய குப்பியைத் திறந்தால் விடை கிடைக்கலாம்.

சிக்கல் இங்கேதான். குளிர் மாற்றங்களைத் தாமதப்படுத்துமே தவிர, அடியோடு நிறுத்திவிடாது. மைனஸ் 20 டிகிரியை ஒட்டிய குளிரில், பனிக்கு இடையே செறிந்த உப்புநீர் கொஞ்சம் திரவமாகவே மிஞ்சும். புரதங்கள் அதில் மெல்லச் சிதையலாம். சோடியம் ஒரு தனிமம், அது சிதையாது. ஆனால் பிலிருபின் வெளிச்சம் பட்டாலே குறையும். எல்.டி.ஹெச் என்ற என்ஸைமுக்கோ குளிரே ஆகாது. அறை வெப்பத்தில்கூட அது நன்றாகத் தாங்கும்.

நோயாளியின் சீரம் 30 வருடப் பழசு, ஆரோக்கியமானவரின் சீரம் 5 வருடப் பழசு என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நோயால் வந்ததா, ஃப்ரீசரால் வந்ததா? அதனால்தான், ஏறக்குறைய ஒரே காலத்தில் எடுத்த சீரங்களையே ஆய்வாளர்கள் ஒப்பிடுகிறார்கள். நீண்ட காலம் வைக்க மைனஸ் 80 டிகிரியை விரும்புகிறார்கள். உருக்கி உருக்கி மீண்டும் உறையவைத்தால் சேதம் கூடும் என்பதால், சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வைக்கிறார்கள். உருகிய சீரத்தில் அடர்த்தியான பகுதி அடியில் தங்கிவிடும். அதை மெதுவாகக் கலக்காமல் மேலாக எடுத்துச் சோதித்தால், குச்சி ஐஸின் வெள்ளைப் பகுதியை ருசி பார்த்த கதையாகிவிடும்.

நாம் கொடுக்கும் சாதாரண டெஸ்ட்டுகளுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிவு வந்துவிடும். ஆனால் வீட்டிலேயே ரத்தம் எடுத்துச் செல்பவர் வர தாமதமானால், டியூபை ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். சீரத்தைப் பிரிக்காத ரத்தத்தைக் குளிரவைத்தால், அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து ரிப்போர்ட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓர் எண் மட்டும் எகிறியிருந்தால், பதறாமல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். 'மறுபடி ஒரு முறை டெஸ்ட் எடுக்கலாமா?' என்று கேளுங்கள். கோளாறு உடம்பில் இல்லாமல், டியூப் வந்த வழியிலும் இருக்கலாம்!