அந்தச் சாயத்தைக் காட்டுங்கள்

சின்னாளபட்டியில் சாயப்பட்டறை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் நான். சூரிய மின்கலத்துக்கான கரிமச் சாயங்களைக் கணினியில் வடிவமைக்கும் ஆய்வேடுகள் வருஷம் தவறாமல் என் மேசைக்கு வருகின்றன. பலவும் கணினித் திரையோடு நின்றுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தச் சாயங்களால் இயங்கும் சாய மின்கலத்தை 1991-இல் 'நேச்சர்' இதழில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிராட்ஸலும். கண்ணாடி மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் இருக்கிற அதே பொடிதான். அதில் ஏற்றிய சாயம் வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரானைப் பூச்சுக்குத் தள்ளும். இழந்ததை அயோடின் கரைசல் ஈடுகட்டும். பேர்பெற்ற பழைய சாயங்களில் ருத்தீனியம் இருந்தது. அது அரிய உலோகம், விலையும் அதிகம். அதனால்தான் உலோகமில்லாத சாயத்துக்கு இத்தனை தேடல்.

அந்தத் தேடலைச் சுருக்குவது, வால்டர் கோனுக்கு 1998-இல் நோபல் வாங்கித் தந்த அடர்த்திச் சார்புக் கோட்பாடு. சாய மூலக்கூறின் ஒரு முனையில் டிரைஃபீனைல் அமீன், மறுமுனையில் சயனோ அக்ரிலிக் அமிலம் என வைத்துக்கொண்டு, நடுவில் தயோஃபீன் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று கணினியிலேயே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இந்தக் கணக்கைப் போடும் 'ஆர்க்கா' மென்பொருள் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். வசதி குறைந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. அதைக் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கு சறுக்கும் இடங்கள் உண்டு. பழக்கத்தில் பலரும் எடுக்கும் பி3எல்ஒய்பி என்ற கணக்கு முறை, இப்படி முனைக்கு முனை மின்னூட்டம் தாவும் சாயங்களில் கிளர்வு ஆற்றலைக் குறைத்துக் காட்டும். சிவப்பு ஒளியையும் உறிஞ்சும் என்று கணக்கு சொன்ன சாயம், குடுவையில் வெறும் மஞ்சளாக வந்து நிற்கலாம். கேம்-பி3எல்ஒய்பி போன்ற திருத்திய முறையை எடுத்தாலும், கணக்கில் இருப்பது பெரும்பாலும் தனி மூலக்கூறு ஒன்றுதான். பூச்சில் சாய மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் குறையும். சித்திரை வெயிலில் திண்டுக்கல் மொட்டைமாடித் தகடு 60 டிகிரியைத் தொடும். அயோடின் கரைசலில் ஊற்றும் அசிட்டோநைட்ரைலுக்குக் கொதிநிலையே 82 டிகிரி. இதெல்லாம் ஆய்வேட்டு அட்டவணையில் வராது.

புதுச் சாயம் வந்தால் எங்கப்பா ஒரு சிட்டம் நூலை நனைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டுப் பார்ப்பார். பிறகுதான் "சாயம் நிக்கும்" என்று வாயைத் திறப்பார்.

பட்டம் கொடுக்கும் முன் ஒரு சாயத்தையாவது செய்து, நிறமாலை எடுத்து, மின்கலத்தில் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதியாகட்டும். வசதியில்லாத கல்லூரிகள், பக்கத்திலேயே இருக்கும் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தையும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தையும் நாடலாம். முழு வெயிலில் சாய மின்கலத்தின் செயல்திறன் 2022-இல் எட்டியதே 15.2 சதவீதம்; மாடியில் சிலிக்கானை அது வெல்லப்போவதில்லை. ஆனால் அறை வெளிச்சத்தில் 30 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் குறிவைக்க வேண்டிய இடம் அது.

நெறியாளர்களே, அடுத்த ஆய்வேட்டில் கையெழுத்துப் போடும் முன், அந்தச் சாயத்தைக் காட்டச் சொல்லுங்கள்.